மூடி தட்டும் ஓசை

சென்னகிருஷ்ணனின் வலக்கைச் சுட்டுவிரல் ஒரு ஷிஃப்டில் ஐயாயிரம் முறைக்கு மேல் நீளும். ஓசூர் சிப்காட்டில் இருசக்கர வாகனங்களுக்குப் பிரேக் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், இறுதிச் சோதனை மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் வேலை செய்கிறார். தட்டில் வந்து நிற்கும் ஒவ்வோர் உறுப்பிலும் ஒன்பது இடங்களைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. பார்க்கும் இடத்தை விரலால் சுட்ட வேண்டும். சுட்டியதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். "விளிம்பு ஓகே. துளை ஓகே. மரை ஓகே." ஒன்பதாவது ஓகேக்குப் பிறகுதான் உறுப்பு அடுத்த பெட்டிக்குப் போகும். இடையில் யாராவது கூப்பிட்டுக் கவனம் கலைந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. முதல் இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் வந்த ஜப்பானியர்கள் கற்றுக்கொடுத்த முறை இது. கண் மட்டும் பார்த்தால் மனம் வேறெங்காவது போய்விடும்; விரலும் குரலும் உடன் இருந்தால் மனம் அங்கேயே நின்றாக வேண்டும் என்று அவர்கள் விளக்கினார்கள். பலர் அன்று சிரித்தார்கள். ஆளில்லாத மேசையைப் பார்த்துப் பேசுவது பைத்தியக்காரத்தனம் என்றார்கள். சென்னகிருஷ்ணன் சிரிக்கவில்லை. அவர் பார்த்து அனுப்பிய பெட்டிகளிலிருந்து ஏழு ஆண்டுகளில் ஓர் உறுப்புகூடத் திரும்பி வரவில்லை. அதற்காக நிறுவனம் கொடுத்த சான்றிதழ், மத்திகிரி சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவில், அவருடைய வீட்டு முன்னறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வாயிற்காவல் அறையில், சிறு சிறு அறைகளாகப் பிரித்த மர அலமாரி ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் எண். சென்னகிருஷ்ணனின் எண் இருநூற்றுப் பதினான்கு. காலை ஆறு மணிக்கு அதில் கைப்பேசியை வைப்பார். பிற்பகல் இரண்டரைக்கு எடுப்பார். எடுத்த பிறகு உறங்கும் வரை அது அவர் கையை விட்டு இறங்காது. கம்பெனிப் பேருந்தில் பார்ப்பார். வீட்டுப் படி ஏறும்போது பார்ப்பார். சோற்றுத் தட்டுக்கு எதிரே தண்ணீர்ச் சொம்பில் அதைச் சாய்த்து வைத்துப் பார்ப்பார். இன்னதென்று இல்லை. பாம்பு பிடிப்பவர், பாலம் கட்டுபவர், யாரோ ஒரு நாட்டில் மீன் சுடுபவர். எட்டரை மணி நேரம் இமைக்காமல் பார்த்த கண்ணுக்கு ஓய்வு என்று அவர் அதை நினைத்திருந்தார்.

அவருடைய மனைவி நாகம்மா, பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். அடுத்த தெரு அங்கன்வாடியில் உதவியாளர். முப்பது குழந்தைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய கணீரென்ற குரல். தமிழ் வீட்டுக்கு, தெலுங்கு தாய்வீட்டுக்கு, கன்னடம் காய்கறிக்காரருக்கு என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பேசுவார். மாலையில் அன்றைய கதைகளையெல்லாம் கணவரிடம் சொல்வார். சென்னகிருஷ்ணன் திரையைப் பார்த்தபடியே, சரியான இடைவெளிகளில், "ஓகே" என்பார். விரல் நீளாத ஓகே. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவர்களுடைய ஒரே மகள் சௌமியா என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவள். சென்ற ஆண்டு மாசி மாதம் அவளுக்குத் திருமணம் நடந்தது. கணவனோடு பெங்களூரில் குடியேறினாள். திருமண வீட்டிலேயே நாகம்மாவின் குரல் கரகரவென்றிருந்தது. வந்தவர்களை வரவேற்றுத் தொண்டை கட்டிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பங்குனியில் பெங்களூர் மருத்துவமனை ஒன்றில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்துச் சோதித்தார்கள். குரல்வளையில் புற்று.

மருத்துவர் இளம்பெண். கன்னடத்தில்தான் பேசினார். குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஒரு துளை வைப்போம், அதன் வழியாகத்தான் இனி மூச்சு என்று நிதானமாகச் சொன்னார். பத்தொன்பது நாள் கழித்து அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார். பிறகு, குரல் எப்போது கம்மத் தொடங்கியது என்று கேட்டார். ஆவணியில் என்றார் நாகம்மா. மருத்துவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். ஐப்பசி, கார்த்திகையில் வந்திருந்தால்கூடக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்துக் குரலைக் காப்பாற்ற முயன்றிருக்கலாமே, ஏன் வரவில்லை என்று கேட்டார். நாகம்மா கணவரைக் கைகாட்டி, இவரிடம் அப்போதே சொன்னேன், இவரும் ஓகே சொன்னார் என்று கன்னடத்திலேயே பதில் சொன்னார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

சென்னகிருஷ்ணனுக்கு எதுவும் நினைவில்லை. ஓசூர் திரும்பும் பேருந்து அத்திப்பள்ளி நெரிசலில் நின்றபோதுதான் அவருக்கு வாய் வந்தது.

"எப்ப சொன்ன?"

"ஐப்பசியில. ஒரு ஞாயித்துக்கெழம சாய்ங்காலம். நீங்க கட்டில்ல சாஞ்சுக்கினு இருந்தீங்க. லாரி ஒண்ணு ஆத்துல எறங்கித் தாண்டுற வீடியோ. நான்கூட எட்டிப் பாத்தேன்."

"என்னன்னு சொன்ன?"

"தொண்டை ரெண்டு மாசமா கம்மிக்கினே கெடக்குது, நம்ம தெரு டாக்டரு பெங்களூருக்குப் போயி கேமரா உட்டுப் பாத்துட்டு வந்துருங்கன்றாரு, சௌமியா கல்யாணத்த முடிச்சுட்டுப் போலாமுன்னு இருக்கறேன், நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டேன்."

"நான் ஓகேன்னனா?"

"ஓகேன்னீங்க. கம்பெனில ஏழு வருசமா ஒரு பீஸும் ரிட்டர்ன் வராத ஆளு. நீங்களே பாஸ் பண்ணிட்டீங்க, அப்புறம் நான் என்னத்த யோசிக்கறது?"

சிரிக்க வைக்கத்தான் நாகம்மா அப்படிச் சொன்னார். சென்னகிருஷ்ணன் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாகம்மா அவர் தொடையில் தட்டினார்.

"இந்தாங்க. பேசறதுக்கு எனக்கு இன்னும் பத்தொம்போது நாளு கெடக்குது. நீங்க மூஞ்சிய அந்தப் பக்கம் வச்சுக்கினா நான் யாருகிட்டப் பேசறது? கண்டக்டர்கிட்டயா?"

அந்தப் பத்தொன்பது நாளும் மனைவி பேசுவதைக் கேட்பது என்று சென்னகிருஷ்ணன் முடிவு செய்தார். விடுமுறை எடுக்க இயலவில்லை. திருமணத்துக்கு எடுத்தது போக இருந்ததை அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய நாள்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. காலை வேலையை முடித்து மூன்றே காலுக்கு வீட்டில் இருப்பார். அதன்பின் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். சான்றிதழ் வாங்கிய மனிதருக்கு இது எளிதென்றே தோன்றியது.

முதல் நாள் கைப்பேசியை வீட்டிலேயே அணைத்து வைத்தார். மருந்துக்கடைக்காரர் கூப்பிடுவாரோ என்று பதினைந்து நிமிடத்தில் மீண்டும் போட்டார். போட்ட கை நாற்பது நிமிடம் கழித்துத்தான் திரும்பியது. இதைக் கேட்ட சௌமியா, மனத்தை ஒருமுகப்படுத்தும் செயலி ஒன்றை அவருடைய கைப்பேசிக்கு அனுப்பி வைத்தாள். மணி அடிக்கும், கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது மூச்சில் சமையல் எண்ணெய் விளம்பரம் வந்தது. அதைத் தள்ளப் போன விரல் மீன் சுடுபவரிடம் போய்ச் சேர்ந்தது. கைப்பேசியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. விடுப்பு விண்ணப்பம், கம்பெனிப் பேருந்து எங்கே வருகிறது என்ற தகவல், மருத்துவமனையின் சோதனை முடிவுகள் எல்லாம் அதற்குள்தான் வந்துகொண்டிருந்தன.

ஆகவே மூன்றாம் நாள், வேலை முடிந்தபோது, இருநூற்றுப் பதினான்காம் அறையிலிருந்து கைப்பேசியை எடுக்காமலே கிளம்பினார். காவலாளி நாராயணப்பன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"சென்னண்ணா! போன உட்டுட்டுப் போறீங்க!"

"இருக்கட்டும் நாராயணப்பா. அவசரம்னா சம்சாரம் போனு இருக்குது."

"அதுக்கு மட்டும் ஓவர்டைமா? காலைல வந்து ரெட்டச் சம்பளம் கேக்கும், பாத்துக்குங்க!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சென்னகிருஷ்ணனும் சிரித்தார். அன்று வீட்டில் நாகம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தபோதுதான் தம் நிலை அவருக்குத் தெரிந்தது. கைப்பேசி இல்லாத சட்டைப்பைக்குக் கை போய்க்கொண்டே இருந்தது. தொழிற்சாலையில் குறையை எண்ணும் வழக்கப்படி, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, காலண்டரின் பின்புறத்தில் எண்ணி வைத்தார். எட்டு மணிக்குள் முப்பத்தெட்டு முறை. கை போகாத நேரத்திலும் மனம் போயிற்று. நாகம்மா, அங்கன்வாடியில் புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஆண் குழந்தையா, பெண் குழந்தையா என்பதுகூட இவர் மனத்தில் தங்கவில்லை.

மறுநாள் ஷிஃப்ட் முழுவதும் அவர் தம்முடைய விரலைக் கவனித்தார். இங்கே மட்டும் மனம் எப்படி நிற்கிறது? அன்று மாலை நாகம்மா பேச வாயெடுத்தவுடன், சென்னகிருஷ்ணன் வலக்கையை நீட்டி, சுட்டுவிரலை அவர் முகத்துக்கு நேராக நிறுத்தி, உரத்த குரலில், "நாகம்மா பேசறா, ஓகே" என்றார்.

நாகம்மா ஒரு கணம் திகைத்தார். பிறகு, அந்தக் கம்மிய தொண்டையோடு, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார்.

"ஏங்க, நான் என்ன உங்க கம்பெனி பீஸா? எங்கயாச்சும் மரை தேஞ்சிருக்குதான்னு பாக்கறீங்களா?"

"இல்ல நாகம்மா. இப்புடிச் செஞ்சாத்தான் எனக்கு நிக்குது."

"செய்யுங்க. ஆனா மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க. அங்கன்வாடிப் புள்ளைங்ககூட அப்புடி நீட்டுனா அடி வாங்கும்."

அன்றிலிருந்து விரலைத் தம் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். நாகம்மா ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், விரல் முழங்காலில் ஒரு முறை அழுந்தும். உதடு அசையாமல் அந்த வாக்கியத்தை உள்ளுக்குள் ஒரு முறை சொல்லிக்கொள்வார். பிறகுதான் பதில். இதனால் இருவர் பேச்சுக்கும் நடுவே சிறு இடைவெளி ஒன்று விழுந்தது. நாகம்மா அந்த இடைவெளிக்குப் பழகிக்கொண்டார். காலண்டரின் பின்புறக் கோடுகள் முப்பத்தெட்டிலிருந்து இருபத்தாறாயின, பிறகு பதினேழாயின. புதிதாகச் சேர்ந்த குழந்தை ஆண், பெயர் ரிஹான், முட்டையின் மஞ்சளை மட்டும் எடுத்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவான். இருபது ஆண்டுகளில் முதன்முறையாக அங்கன்வாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்பது சென்னகிருஷ்ணனுக்குத் தெரிய வந்தது.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சௌமியா வந்திருந்தாள். "அம்மா பேசறத ரெகார்ட் பண்ணி வச்சுக்கலாம்பா. அப்புறம் வேணுமுன்னாக் கெடைக்காது" என்றாள். அவள் சொன்னதில் தவறில்லை. தம்முடைய கைப்பேசியில் நாகம்மாவின் குரல் எங்காவது இருக்கிறதா என்று சென்னகிருஷ்ணன் முன்னரே தேடிப் பார்த்திருந்தார். எழுத்துத் தட்டத் தெரியாத நாகம்மா எதையும் குரலாகத்தான் அனுப்புவார். 'வரும்போது கொத்துமல்லி வாங்கியாங்க', 'கரண்ட்டு இல்ல, மெதுவா வாங்க' என்று அப்படி வந்தவை எத்தனையோ. பலவற்றை அவர் கேட்டதே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, இடம் போதவில்லை என்று கைப்பேசி சொன்னபோது, வீடியோக்களை வைத்துக்கொண்டு குரல்களை மொத்தமாக அழித்திருந்தார்.

அன்று வெயில் சாயும் நேரத்தில் மூவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். வாரக் கடைசி என்பதால் கைப்பேசி வீட்டில் இருந்தது. சென்னகிருஷ்ணன் பதிவுப் பொத்தானை அழுத்தி, அதை மனைவியின் முன்னால் பிடித்தார். நாகம்மா, தாம் பன்னிரண்டு வயதில் பாரூர்க் கால்வாயில் விழுந்த கதையைத் தொடங்கினார். அப்பாவுக்குத் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைமேல் போகிறார். அன்றுதான் ஏரி மதகைத் திறந்திருக்கிறார்கள். தங்கையின் செருப்பு ஒன்று தண்ணீரில் விழுகிறது…

சென்னகிருஷ்ணன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் ஏற இறங்க, ஒரு பச்சைக் கோடும் ஏறி இறங்கியது. கோடு சிறுத்தபோது கைப்பேசியை இன்னும் அருகே கொண்டுபோனார். நொடிகள் ஓடுவதைப் பார்த்தார். மேலிருந்து கிரிக்கெட் ஸ்கோர் ஒன்று இறங்கியது. கட்டைவிரல் அதைத் தொட்டது.

நாகம்மா நிறுத்தினார். "எங்க உட்டேன்?" என்று கேட்டார்.

சென்னகிருஷ்ணன் நிமிர்ந்தார். அவருக்குத் தெரியவில்லை. சௌமியா ஏதோ சொல்ல வந்தாள், நாகம்மா கையமர்த்தினார்.

"நான் எங்க உட்டேன், சொல்லுங்க."

"…கால்வாய்ல."

"அத நிறுத்துங்க. அதுக்குள்ள இருக்குது, அப்புறம் கேட்டுக்கலாமுன்னு உங்க காது இப்பவே தூங்கப் போயிருச்சு. கேக்கறதுன்னா இப்பக் கேளுங்க. இல்லன்னா உடுங்க."

கைப்பேசியில் பதிவை நிறுத்தியபோது ஐம்பத்தெட்டு நொடி ஆகியிருந்தது. நாகம்மா கதையைத் தொடரவில்லை. காபி வைக்க எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் முழுவதும் வேறு எதையெதையோ பேசினார். வீட்டு வரி ரசீது எங்கே இருக்கிறது, சௌமியாவுக்கு முதல் குழந்தை பிறந்தால் பெங்களூரிலேயே பார்க்க வேண்டாம், இங்கே அழைத்து வந்துவிட வேண்டும், மழைக்காலத்தில் அரிசி மூட்டையை எந்தச் சுவர் ஓரம் வைக்கக் கூடாது. கால்வாயைப் பற்றி வாய் திறக்கவில்லை. சென்னகிருஷ்ணனும் கேட்கத் துணியவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் பிற்பகல், மருத்துவமனைக் கட்டிலில் இருவர் மட்டும் இருந்தார்கள். சௌமியா பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தாள். நாகம்மாவின் குரல் அதற்குள் பெரும்பகுதி காற்றாகிவிட்டிருந்தது. சென்னகிருஷ்ணன் முக்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தச் செருப்பு என்னாச்சு நாகம்மா?" என்றார்.

நாகம்மா அவர் முழங்காலைப் பார்த்தார். விரல் அங்கே இருந்தது.

"செருப்ப எடுக்கக் குதிச்சுட்டேன். நீச்சல் தெரியாது. தண்ணி இழுத்துக்கினு போயி மதகுக் கல்லுல மோதுச்சு. கல்ல ஒரு கையால புடிச்சுக்கினேன். கத்துனேன். எவ்வளவு கத்துனேன்! தண்ணி எரச்சல்ல ஒருத்தருக்கும் கேக்கல. நாலு அடி தள்ளி ரெண்டு பேரு வரப்புல ஒக்காந்து பேசிக்கினு இருக்காங்க. அவங்க முதுகு எனக்குத் தெரியுது."

விரல் அழுந்தியது. அவர் காத்திருந்தார்.

"அப்புறம் கத்தறத உட்டுட்டேன். இன்னொரு கையில போசி மூடி இருந்துச்சு. சோறு போயிருச்சு, மூடி மட்டும் எப்புடியோ கையில. அதால கல்லுமேல தட்டுனேன். டங்கு, டங்குன்னு. மூணாவது தட்டுலயே ஒருத்தரு திரும்பிட்டாரு."

நீண்ட நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்:

"நாளைலருந்து எனக்குக் கத்த முடியாது. வீட்ல போசி மூடி வச்சுக்குவேன். தட்டுனா நீங்க வந்துரணும். என்ன?"

சென்னகிருஷ்ணன் ஓகே என்று சொல்லவில்லை. அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. "தட்டுனா வந்துருவேன்" என்று வாக்கியமாகவே சொன்னார்.

அதற்குப் பிறகும் நாகம்மா பேசினார். சௌமியாவிடம் அவளுடைய மாமியாரைப் பற்றி ஏதோ நகைச்சுவை சொன்னார். காலையில் செவிலியரிடம் கன்னடத்தில் தண்ணீர் கேட்டார். குடிக்கக் கூடாது என்றார்கள். தண்ணீர் என்பதுதான் அவருடைய கடைசிச் சொல்லாக அமைந்தது.

சித்திரைக் கடைசியில் வீட்டுக்கு வந்தார்கள். நாகம்மாவின் கழுத்தில் ஒரு துளை. அதில் ஒரு குழாய். சளி கட்டிக்கொண்டால் குழாயைக் கழற்றிக் கழுவி மாட்ட வேண்டும். சென்னகிருஷ்ணன் அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டார். குழாயின் ஒவ்வோர் இடத்தையும் விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்லித்தான் மாட்டுவார். பேச்சுக்கு அங்கன்வாடிச் சிலேட்டு ஒன்று வந்தது. கட்டில் அருகே, சன்னல் கம்பிக்குப் பக்கத்தில், எவர்சில்வர் போசி மூடி. தட்டினால் பின்கட்டு வரை கேட்கும். முதல் தட்டிலேயே அவர் வந்துவிடுவார். குளித்துக்கொண்டிருந்தாலும் துண்டோடு வருவார். நாகம்மா வேண்டுமென்றே தட்டிவிட்டு, அவர் ஓடி வந்ததும் சிலேட்டில் 'சும்மா' என்று எழுதிக் காட்டி, சத்தமில்லாமல் சிரித்த நாள்களும் உண்டு.

விடுப்பு முடிந்து சென்னகிருஷ்ணன் வேலைக்குத் திரும்பினார். பகலில் நாகம்மாவின் அக்கா வந்து பார்த்துக்கொண்டார். குழாயைப் பற்றி மருத்துவமனையிலிருந்து எந்த நேரமும் தகவல் வரலாம் என்பதால் கைப்பேசி மீண்டும் வீட்டுக்கு வரத் தொடங்கியது. எடுக்குமுன் அதைச் சுட்டி, "எதுக்கு எடுக்கறேன்?" என்று கேட்டுக்கொள்ளும் வழக்கத்தை அவர் உண்டாக்கிக்கொண்டிருந்தார். பதில் இருந்தால் எடுப்பார்; இல்லையென்றால் வைத்துவிடுவார். இரண்டு மாதங்கள் இது பிசகவில்லை. காலண்டர்க் கோடுகள் மூன்று, இரண்டு என்று குறைந்து, கோடே போடாத நாள்களும் வந்தன. எண்ணுவதையே அவர் விட்டுவிட்டார்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், துணி காயப்போடப் பின்கட்டுக்குப் போனவர், மழை வருமா என்று பார்க்கக் கைப்பேசியை எடுத்தார். எதற்கு என்று கேட்டுக்கொண்டுதான் எடுத்தார். மழையைப் பார்த்தார். அடுத்து என்ன பார்த்தார் என்று அவரால் இன்றும் சொல்ல முடியவில்லை. நிமிர்ந்தபோது வாளியிலிருந்த துணி அப்படியே இருந்தது. உள்ளே ஓசை எதுவும் இல்லை. அந்த ஓசையின்மைதான் அவரை ஓட வைத்தது.

நாகம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் வியர்த்துக் கறுத்திருந்தது. அடைத்துக்கொண்ட குழாயைத் தாமே பிடுங்கி எடுத்து மடியில் வைத்திருந்தார். கழுத்துத் துளை வழியாக மூச்சு விசில்போல் போய்வந்துகொண்டிருந்தது. போசி மூடி தரையில் கிடந்தது.

சென்னகிருஷ்ணன் குழாயை எடுத்துக் கழுவினார். சுட்டிச் சொல்ல வாய் எழவில்லை, சொல்லாமலே மாட்டினார். நாகம்மா மூச்சு சீரானதும் சிலேட்டை எடுத்தார். கோபித்து எழுதுவார் என்று இவர் காத்திருந்தார். அதில் ஒரே ஒரு சொல் இருந்தது.

'பதினொன்று.'

பதினொரு முறை தட்டியிருக்கிறார்.

அன்று முழுவதும் சென்னகிருஷ்ணன் சாப்பிடவில்லை. மாலையில் நாகம்மா அவரைக் கூப்பிட்டு, பழைய சொல்லை அழித்து, 'அந்த வரப்பில் ஒருத்தர் மூன்றாவதில் திரும்பினார். இன்னொருத்தர் திரும்பவே இல்லை. நீங்கள் நடுவில்' என்று எழுதிக் காட்டினார். அதைப் படித்தபோது அழுததாக என்னிடம் அவர் சொன்னார். மறுநாளிலிருந்து மனைவி இருந்தவரை கைப்பேசி இருநூற்றுப் பதினான்காம் அறையை விட்டு வெளியே வரவில்லை. விடுப்பு விண்ணப்பத்தைக்கூடக் காவல் அறையில் நின்றபடியே அனுப்புவார். மருத்துவமனைக்காரர்களிடம் தம் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்தார். நாராயணப்பன் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்.

ஆறு மாதம் கழிந்ததும், தொண்டைக்குள் ஒரு சிறு கருவி பொருத்திப் பேச வைக்க முயலலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஐப்பசியில் அதற்காகப் போனபோது எடுத்த படத்தில், நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது தெரிந்தது. கருவியைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. கடைசி வாரங்களில் நாகம்மாவுக்குச் சிலேட்டுப் பிடிக்கவும் இயலவில்லை. விரலால் சுட்டுவார். சென்னகிருஷ்ணன் சுட்டியதைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வார்: "சன்னல். தெறக்கணும்." "போர்வை. வேணாம்." "சௌமியா. இன்னிக்கு வரா." சரியாக இருந்தால் நாகம்மா கண்ணை மூடித் திறப்பார். தை மாதம் எட்டாம் தேதி காலை, அவருடைய விரல் போசி மூடியைச் சுட்டியது. "மூடி. தட்டுனா வந்துருவேன்" என்றார் சென்னகிருஷ்ணன். நாகம்மா கண்ணை மூடித் திறந்தார். பிற்பகலில் உயிர் பிரிந்தது.

அந்த ஐம்பத்தெட்டு நொடிப் பதிவு கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. சௌமியா கேட்டாள், அனுப்பி வைத்தார். கடைசியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தான் அதைக் கேட்டாளா என்று அவள் சொல்லவில்லை, அவரும் அவளிடம் விசாரிக்கவில்லை.

மாசியில் அவர் மேசைக்குத் திரும்பினார். கைப்பேசியை இப்போது வீட்டுக்கு எடுத்து வருகிறார்; அது அலமாரியின்மேல் கிடக்கும், தேவைக்கு எடுப்பார், வைப்பார். அந்தப் பழக்கம் இப்போது உறுதியாகிவிட்டது. அதற்கு உரியவர்தாம் இல்லை. பக்கத்து மேசையில் வேலை செய்யும் மெஹபூப் பாஷாதான் முதலில் வேறொன்றைக் கவனித்தார். தொழிற்சாலையில் இரும்பின்மேல் இரும்பு விழாத நிமிடம் கிடையாது. தட்டுகள் மோதும், பெட்டி மூடிகள் விழும். அத்தனை இரைச்சலிலும் இருபத்திரண்டு ஆண்டுகள் தலை நிமிராத மனிதர், இப்போது எங்கேனும் ஒரு மெல்லிய தகடு டங்கென்று பட்டால், திரும்பிப் பார்க்கிறார்.

"யாருண்ணா கூப்ட்டாங்க?" என்று பாஷா ஒரு நாள் கேட்டார்.

"யாருமில்ல பாஷா."

"காதுல பஞ்சு வச்சுக்கலாமில்ல? கம்பெனியே குடுக்கறான்."

"வேணாம்" என்றார் சென்னகிருஷ்ணன்.

கவனம் கலைந்தால் முதல் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. அவர் விதியை மீறுவதில்லை. ஐந்தாவது ஓகேயில் திரும்பினாலும் எட்டாவதில் திரும்பினாலும், உறுப்பை நேராக்கி வைத்து, விளிம்பிலிருந்து மறுபடியும் விரலை நீட்டுகிறார். அவர் பார்த்த பெட்டியிலிருந்து இன்றுவரை எதுவும் திரும்பி வரவில்லை. ஆனால் ஒரு ஷிஃப்டில் அறுநூற்று இருபது உறுப்புகள் பார்த்தவர், இப்போது ஐந்நூற்று எண்பதுக்கு மேல் பார்ப்பதில்லை. மேற்பார்வையாளர் காரணம் கேட்டபோது, குறைவதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். காரணத்துக்கு உரிய கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார்.